பர்சிலாவின் பதில்

தியானப் பகுதி: 2 சாமுவேல் 19:31–39





முதியவர் ஒருவரைச் சந்திக்கும்போது நாம் முதலாவது கேட்கும் கேள்வி, “எப்படி இருக்கீங்க?” என்பதுதான். அதற்கு வரும் பதிலும் பெரும்பாலும் ஒன்றே: “கர்த்தர் கிருபையால நல்லா இருக்கேன்.” அந்தப் பதிலை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பிடமாட்டேன். எழுபது, எண்பது ஆண்டுகள் தேவனோடு நடந்த ஒருவருடைய வாயிலிருந்து வரும் அந்த வார்த்தையில் ஒரு வாழ்நாளின் சாட்சி இருக்கிறது. ஆயினும் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனையோ காரியங்கள் மறைந்து நிற்கின்றன. வேதாகமத்தின் எழுத்துக்கள் தெரியாமல் போய் மூன்று மாதமாகியிருக்கும். குளியலறையில் ஒருமுறை கால் வழுக்கியிருக்கும். அதை மகனிடம் சொல்லியிருக்கமாட்டார். இரவு மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்பது நினைவில் நில்லாமல் இரண்டுமுறை போட்டிருப்பார். இவை யாவும் “நல்லா இருக்கேன்” என்ற பதிலுக்குள் அடங்கிவிடுகின்றன. நம்முடைய கேள்வி பொதுவானதாக இருப்பதால் பதிலும் பொதுவாகவே வருகிறது.

வேதத்தில் ஒரு முதியவர் இதற்கு முற்றிலும் வேறான பதில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அவர் கிலெயாத்தியனாகிய பர்சிலா.

அப்சலோமின் கலகத்தினால் தாவீது ராஜா எருசலேமை விட்டு ஓடி, மக்னாயீமில் தங்கியிருந்த நாட்களில், ராஜாவுக்கும் அவரோடிருந்த ஜனங்களுக்கும் படுக்கைகளும் பாத்திரங்களும் தானியங்களும் தேனும் வெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தவர்களில் இவர் ஒருவர். கலகம் அடங்கியது. ராஜா யோர்தானைக் கடந்து அரண்மனைக்குத் திரும்புகிறார். வழியனுப்ப வந்த பர்சிலாவைத் தம்மோடு எருசலேமுக்கு வரும்படி அழைக்கிறார். அங்கே தாமே அவரைப் பராமரிப்பதாக வாக்குக் கொடுக்கிறார். இதைவிடப் பெரிய மரியாதை ஒரு மனிதனுக்குக் கிடைக்குமா?

பர்சிலாவின் பதிலைக் கவனித்து வாசியுங்கள். தமக்கு எண்பது வயதாகிறது என்று முதலில் சொல்லுகிறார். அதோடு நிறுத்திவிடவில்லை. நல்லது கெட்டதைப் பகுத்துப் பார்க்கும் திறன் தமக்குள் குறைந்ததைச் சொல்லுகிறார். உண்பதும் குடிப்பதும் ருசிக்கவில்லை என்கிறார். பாடகர் பாடகிகளின் சத்தம் தம்முடைய காதுக்கு எட்டுவதில்லை என்கிறார். ராஜாவுக்குத் தாம் பாரமாகிவிடக்கூடாது என்ற கவலையையும் மறைக்கவில்லை. அடுத்து, தம்மால் இன்னும் செய்ய முடிவது எது என்பதையும் சொல்லுகிறார்: யோர்தானுக்கு அப்பால் இன்னும் சற்றுத் தூரம் ராஜாவோடு வர முடியும். இறுதியாக, தமக்கு எது வேண்டும் என்பதையும் தெளிவாகக் கேட்கிறார்: சொந்த ஊரில், தாய் தகப்பனின் கல்லறைக்கு அருகில் மரிக்க வேண்டும், தமக்குப் பதிலாகக் கிம்காம் ராஜாவோடு போகட்டும்.

என்னால் முடியாதது எது, முடிவது எது, நான் விரும்புவது எது என்ற மூன்றும் அந்தச் சில வசனங்களுக்குள் இருக்கின்றன. பிரியமானவர்களே, இன்றைய முதியோர் மருத்துவத்தில் “செயல்திறன் மதிப்பீடு” என்று சொல்லப்படுவதன் சாரமும் இந்த மூன்றுதான்.

நோயைக் கேட்பதும், நாளைக் கேட்பதும்

நாம் மருத்துவரிடம் போனால் அவர் வழக்கமாக நோயைத் தேடுகிறார். சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, எலும்பில் தேய்மானம் உண்டா என்று பார்க்கிறார். அது அவசியமே. ஆனால் ஒரே வயதில், ஒரே சர்க்கரை அளவும் ஒரே மூட்டுத் தேய்மானமும் உள்ள இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் காலையில் தாமே குளித்து, சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறார். மற்றவர் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. நோயின் பெயர் இருவருக்கும் ஒன்று, வாழ்க்கை ஒன்றல்ல. ஆகையால் முதியவருடைய நோயைக் கேட்பதோடு அவருடைய நாளையும் கேட்க வேண்டும்.

இதை மருத்துவ உலகம் கற்றுக்கொள்ளக் காலம் பிடித்தது. 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவரிடம், அடுத்திருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகள் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்கள் 700க்கும் மேற்பட்டவர்கள், பலர் முதியவர்கள், குணமாகாதவர்கள் என்று எண்ணப்பட்டுப் படுக்கையிலேயே விடப்பட்டவர்கள். வாரன் அம்மையார் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். இவரால் என்ன முடியும், எது மீண்டும் முடியக்கூடும் என்று பார்த்தார். எழுப்பி உட்கார வைத்தார், நடக்கப் பழக்கினார். இனிப் படுக்கைதான் என்று தீர்மானிக்கப்பட்டவர்களில் அநேகர் எழுந்து நடந்தார்கள். சிலர் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவத்தின் தாய் என்று அவர் இன்று மதிக்கப்படுகிறார்.

1963இல் அமெரிக்காவைச் சேர்ந்த சிட்னி கேட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய உடன் ஊழியர்களும் ஆறு காரியங்களை வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள்: குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குப் போய்வருதல், படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுந்து இடம் மாறுதல், மலஜலத்தை அடக்குதல், தன் கையால் உண்ணுதல். இந்த ஆறிலும் ஒருவருக்குப் பிறர் உதவி எவ்வளவு தேவைப்படுகிறது என்பதே அந்த அளவுகோல். நோயிலிருந்து தேறும் முதியவர்கள் இந்தத் திறன்களைத் திரும்பப் பெறும் வரிசை, குழந்தை இவற்றைக் கற்றுக்கொள்ளும் வரிசையை ஒத்திருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். உண்பது முன்னே வருகிறது. தானாகக் குளிப்பது கடைசியில் வருகிறது. ஆகவே, வயதானவர் ஒருவர் குளிப்பதற்குத் தயங்கத் தொடங்கினால், அதைச் சோம்பலென்று எண்ணாமல் கவனிக்க வேண்டும். தளர்ச்சி முதலில் தட்டும் கதவுகளில் அது ஒன்று.

1969இல் லாட்டன், பிராடி என்ற இருவர் இன்னும் எட்டுக் காரியங்களைச் சேர்த்தார்கள். தொலைபேசியில் பேசுதல், கடைக்குப் போதல், சமைத்தல், வீட்டைப் பராமரித்தல், துணி துவைத்தல், வெளியூர் வெளியிடங்களுக்குப் போய்வருதல், மருந்தைத் தவறாமல் உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல். இவற்றில் தடுமாற்றம் வருவது, பல வேளைகளில் அந்த ஆறு காரியங்களிலும் தடுமாற்றம் வருவதற்கு முன்பே நிகழ்கிறது. காணிக்கை உறையில் எவ்வளவு வைத்தோம் என்று மறுபடியும் மறுபடியும் எண்ணிப் பார்க்கும் கைகளை நீங்கள் கண்டிருக்கிறீர்களா?

நம்முடைய மாநிலத்திலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டிலேயே மருத்துவர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது. ஆனால் நம்முடைய கிராமங்களிலும் சிற்றூர்களிலும் இருக்கிற முதியவர்கள் எல்லாரும் சென்னைக்குப் போக முடியாது. அவர்கள் போவது ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு. அல்லது முப்பது ஆண்டுகளாகக் குடும்பத்தை அறிந்த தெருமுனை மருத்துவரிடம். ஆகவே அங்கேதான் இது நடைபெற வேண்டும். அங்கேயோ வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். நேரத்திற்கு எங்கே போவது?

சில நிமிடங்களில் ஒரு வாழ்க்கை

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதிலை 1990இல் மார்க் லாக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய தோழர்களும் வெளியிட்டார்கள். பெரிய கருவிகள் இல்லாமல், சாதாரண மருத்துவர் தம்முடைய அறையிலேயே செய்யக்கூடிய எளிய முறை அது. கண் தெரிகிறதா என்று அட்டையைப் படிக்கச் சொல்லுகிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக ஒரு கேள்வி கேட்டுக் காதைச் சோதிக்கிறார்கள். இரண்டு கைகளாலும் பிடரியைத் தொடச் சொல்லுகிறார்கள். தலைவாரிக்கொள்ளவும் சட்டை போடவும் முடியுமா என்பது அதில் தெரிந்துவிடுகிறது. ஒரு கரண்டியை எடுக்கச் சொல்லுகிறார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுகிறார்கள். சிறுநீர் தன்னையறியாமல் போகிறதா என்று கேட்கிறார்கள். எடையைப் பார்க்கிறார்கள். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, சற்று நேரம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்கிறார்கள். அடிக்கடி மனம் சோர்ந்துபோகிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள். வீட்டில் படிகள் உண்டா, குளியலறை எப்படி, வெளிச்சம் போதுமா என்று விசாரிக்கிறார்கள். கடைசியில், “உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் உதவிக்கு வருவார்கள்?” என்று கேட்கிறார்கள்.

நடையைச் சோதிப்பதற்கு இன்று பரவலாகக் கையாளப்படும் முறையில், நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறிக்கிறார்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழக்கூடிய அபாயம் உண்டு என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் போதும். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் முதல்நிலை மருத்துவப் பணியாளர்களுக்கென்று வெளியிட்ட கையேட்டில் நினைவு, நடமாட்டம், உணவு, பார்வை, கேள்வி, மனநிலை என்னும் ஆறையும் பார்க்கும்படி சொல்லியிருக்கிறது.

இதை வாசிக்கும்போது எனக்குப் பிரசங்கி 12ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. அங்கே முதுமை, தளர்ந்துபோன ஒரு வீட்டின் உருவத்தில் காட்டப்படுகிறது. தள்ளாடும் காவற்காரரில் நடுங்கும் கைகளையும், கூனிப்போகும் பெலசாலிகளில் கால்களையும், ஓய்ந்துபோகும் அரைப்புக்காரரில் பற்களையும், இருண்டுபோகும் பலகணிகளில் கண்களையும் வேத விளக்கவுரையாளர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். மேட்டைக் கண்டு அஞ்சுவதும் வழியில் பயப்படுவதும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே வெளியே வராமல் அடைந்துபோன ஒரு முதியவரை அறிந்த எவரும் அந்த வரியைக் கடந்து வேகமாகப் போகமாட்டார். ஆவியானவர் முதுமையைப் பொதுவான வார்த்தைகளில் சொல்லாமல், கை, கால், பல், கண் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லியிருக்கிறார்.

ஒரு தாயாரின் சாட்சி

எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தாயாரைப் பற்றி அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். எழுபத்தாறு வயது, விதவை. பல ஆண்டுகள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஜெபத்தை நடத்தியவர். ஞாயிறு ஆராதனையில் இரண்டாவது மணி அடிக்குமுன் தம்முடைய இடத்தில் இருப்பவர். அப்படிப்பட்டவர் மெதுவாக வரவைக் குறைத்துக்கொண்டார். பிறகு நின்றே போனார். திருவிருந்து ஞாயிறுகளில்கூட அவருடைய இடம் காலியாயிருந்தது. சபையில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். புதிய கமிட்டியின்மேல் மனத்தாங்கல் என்றார்கள் சிலர். மருமகளோடு ஒத்துப்போகவில்லை, அந்தத் துக்கம் என்றார்கள் வேறு சிலர். வீட்டிலோ ஒரே வார்த்தை: “அம்மாவுக்கு வயசாயிட்டு ஐயா.” அவரிடமே கேட்டால், கர்த்தர் நடத்துகிறார் என்பார்.

கால் வலிக்கு மாத்திரை வாங்குவதற்காக மகன் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துப் போனார். அங்கே இருந்தவர் வயதில் இளைய ஒரு பெண் மருத்துவர். கால் எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு, அதோடு விடாமல், “காலையில எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன செய்வீங்கன்னு சொல்லுங்க பாட்டி” என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் தம்மிடம் கேட்டதில்லை என்று அந்தத் தாயார் என்னிடம் சொன்னார். எழுந்து நடக்கச் சொன்னார் மருத்துவர். இரண்டு கைகளையும் நாற்காலியில் ஊன்றித்தான் எழ முடிந்தது. எழுந்ததும் ஒரு தள்ளாட்டம். படுக்கவைத்து ஒருமுறையும் நிற்கவைத்து ஒருமுறையும் இரத்த அழுத்தம் பார்த்தார். நின்றபோது அது வெகுவாய் இறங்கியிருந்தது. தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். பதில் வரவில்லை. மருத்துவர் மகனைப் பார்த்து, “அண்ணே, கொஞ்சம் வெளியில இருங்க” என்றார். கதவு சாத்தியபிறகு கேட்டார்: “பாட்டி, ஒண்ணுக்கு அவசரமா வருதா? போறதுக்குள்ள துணி நனைஞ்சிருதா?”

அந்தத் தாயார் அழுதுவிட்டார். ஓராண்டாக அப்படித்தான். இரத்த அழுத்தத்திற்கென்று காலையில் போடும் மாத்திரை சிறுநீரை அதிகமாய்ப் பிரியச்செய்யும் வகை. போட்ட இரண்டு மணி நேரத்தில்தான் எங்கள் ஆராதனை. ஆலயத்தின் கழிப்பறையோ பின்புறம் மூன்று படி இறங்கிப் போகவேண்டிய இடத்தில், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, உள்ளே குந்தி உட்கார வேண்டும், அவருடைய முழங்கால் அதற்கு இடங்கொடாது. முதலில் சனிக்கிழமை மாலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். அதனால் தலைசுற்றல் வந்தது. பிறகு ஆலயத்திற்கு வருவதையே நிறுத்தினார். “பரிசுத்த ஸ்தலத்தில வச்சு அப்படி ஆயிட்டுன்னா நான் என்ன செய்வேன் டாக்டரம்மா?” என்று கேட்டாராம்.

அவரை ஆலயத்தைவிட்டுத் தூரப்படுத்தியது மனத்தாங்கலும் அல்ல, துக்கமும் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. ஒரு மாத்திரை, மூன்று படிகள், கேட்கப்படாத ஒரு கேள்வி.

மருத்துவர் மாத்திரையை மாற்றி எழுதினார். நாள் முழுவதும் அளவாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். நேரம் வைத்துக் கழிப்பறைக்குப் போய்வரவும், அடிவயிற்றின் கீழுள்ள தசைகளை இறுக்கித் தளர்த்தவும் பழக்கினார். 2021ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் நடைபெறும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி கொடுத்தார். ஒரு வாக்கரும் வந்தது.

செய்தி அந்தத் தாயாரின் வாயாலேயே எனக்கு வந்தது. அவர் சம்மதித்ததால் பெயர் சொல்லாமல் கமிட்டியில் வைத்தேன். அந்த ஆண்டின் அசனத்தில் மீந்த பணத்தைக்கொண்டு, ஆலயத்தின் பக்கவாசலை ஒட்டிப் படியில்லாத ஒரு கழிப்பறை, உட்காரும் வசதியோடும் சுவரில் கைப்பிடிக் கம்பியோடும் கட்டலாம் என்று யோசனை வந்தது. ஒலிபெருக்கி வாங்க வேண்டியிருக்கிறதே என்று சிலர் தயங்கினார்கள். அதுவரை பேசாதிருந்த ஒரு மூத்த அங்கத்தினர் எழுந்து, “எனக்கும் அது வேணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை.

அந்தத் தாயாரின் முழங்கால் வலி தீரவில்லை. நடை முன்போல் ஆகவுமில்லை. முழங்காற்படியிட முடியாததால் திருவிருந்தை உட்கார்ந்தபடியே பெறுகிறார். ஆனால் பெறுகிறார். பக்கவாசலுக்கு அருகே அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. கழிப்பறை கட்டியபிறகு, வருவதை நிறுத்தியிருந்த வேறு இரண்டு முதியவர்களும் திரும்ப வந்தார்கள். அவர்களிடம் காரணத்தை நான் கேட்கவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள்

பிரியமானவர்களே, இதிலிருந்து தவறான பாடத்தை நாம் எடுத்துக்கொள்ளாதபடி இரண்டு காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, ஒருவரால் முடியாததைக் கண்டுபிடித்தவுடன் எல்லாவற்றையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வது அன்பு ஆகாது. “நீங்க சும்மா உட்காருங்கம்மா, நாங்க பார்த்துக்கிறோம்” என்று சொல்லிச் சொல்லியே பல தாய்மார்களை நாற்காலியோடு கட்டிவிட்டோம். பயன்படுத்தாத தசை மெலிந்துபோகிறது. முதியவர் ஒருவர் சில வாரங்கள் படுக்கையில் கிடந்தால், இழந்த பெலத்தைத் திரும்பப் பெறப் பல மாதங்கள் ஆகலாம். சிலருக்குத் திரும்பாமலே போய்விடும். தளர்ந்த கையால் கீரை ஆய முடியுமானால் கீரையை அந்தக் கையிலேயே கொடுங்கள். பர்சிலா யோர்தான்மட்டும் வந்தார். வீட்டிலிருக்கச் சொல்லி அவரை யாரும் தடுத்துவிடவில்லை. தாவீதும் அவரை வற்புறுத்தி எருசலேமுக்கு இழுத்துப் போகவில்லை. அவரை முத்தமிட்டு, ஆசீர்வதித்து, அவர் விரும்பியபடியே அனுப்பிவைத்தார். கிம்காமைத் தம்மோடு அழைத்துப் போனார். முதியவரிடம் கேட்டபின், அவர் சொன்ன பதிலுக்கு மதிப்புக் கொடுப்பதும் கேட்பதின் ஒரு பகுதியே.

இரண்டாவது, இந்த அளவுகோல்கள் ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை அளக்கின்றன. அவருடைய மதிப்பை அளப்பதில்லை. ஆறு காரியங்களில் ஆறையும் இழந்து, ஊட்டவும் உடுத்தவும் பிறர் வேண்டியவராய்ப் படுத்திருக்கிறவரும் தேவசாயலில் சிருஷ்டிக்கப்பட்டவரே. கிறிஸ்து தமது இரத்தத்தால் மீட்டுக்கொண்டவரே. யோவான் 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவிடம், வாலிபத்தில் நீ உன்னையே கட்டிக்கொண்டு விரும்பிய இடத்திற்குப் போனாய், முதிர்வயதிலோ வேறொருவன் உன்னைக் கட்டி நீ விரும்பாத இடத்திற்குக் கொண்டுபோவான் என்னும் கருத்தில் சொன்னதை நாம் அறிவோம். அது பேதுருவின் மரணத்தைக் குறித்து சொல்லப்பட்டது. அதன் பின்பும் ஆண்டவர் அவரை அழைக்கிற அழைப்பு மாறவில்லை: என்னைப் பின்பற்று. கைகளை நீட்டிப் பிறரிடம் தன்னை ஒப்புக்கொடுக்கிற நாட்களிலும் ஒருவர் சீஷராகவே இருக்கிறார்.

எரிகோவின் வழியருகே பார்வையற்ற பர்த்திமேயு கூப்பிட்டபோது, ஆண்டவர் அவனிடம், உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். கண் தெரியாதவனுக்கு என்ன வேண்டுமென்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். அவன் தன் வாயால் சொல்லும்படி இடம் கொடுத்தார். நம்முடைய வீடுகளில் இருக்கும் முதியவர்களுக்கு அந்த இடத்தை நாம் கொடுக்கிறோமா?

இந்த வாரத்தில் நாம் செய்யக்கூடியவை

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கும் ஒரு முதியவரை இந்த வாரம் சந்தியுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபின், அவருடைய ஒரு நாளை விவரமாய்ச் சொல்லும்படி கேளுங்கள். அவர் எழுந்திருக்கும்போது கைகளை ஊன்றுகிறாரா, நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். இந்த ஆண்டில் எங்கேனும் விழுந்தீர்களா என்று கேளுங்கள். முன்பு போட்ட உடை தொளதொளவென்று ஆகிவிட்டதா என்று கவனியுங்கள். முயற்சி செய்யாமலே எடை குறைவது கவனிக்கப்பட வேண்டிய அடையாளம். கூச்சமான கேள்விகளை மற்றவர்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். பெண்களிடம் பெண்களே கேட்பது நல்லது.

மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடையில் தாமாக வாங்கியதையும், அண்டைவீட்டார் கொடுத்த சூரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். அவரைச் சற்று நடக்கச் சொல்லிப் பார்க்கும்படி மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம். ஓரிரு நாளுக்குள் திடீரென்று பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினாலோ அதை வயது என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கவனிக்க ஒருவருமில்லாத முதியவரை நீங்கள் அறிந்திருந்தால், 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அவருக்கு எழுதிக் கொடுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

மேலும் உங்கள் ஆலயத்தை ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். எண்பது வயது முழங்காலோடு அந்தப் படிகளை ஏற முடியுமா? பின்வரிசையில் பிரசங்கம் கேட்கிறதா? பாட்டுப் புத்தகத்தின் எழுத்து தெரிகிறதா? கழிப்பறை எங்கே இருக்கிறது?

வாசிக்கிற நீங்களே முதிர்வயதானவரானால், உங்களுக்கு ஒரு வார்த்தை. பர்சிலா தம்முடைய பலவீனத்தை ராஜாவின் முன்பாகச் சொல்ல வெட்கப்படவில்லை. நீங்களும் சொல்லுங்கள். கர்த்தருடைய கிருபையைச் சொல்லும் அதே வாயால், கால் தள்ளாடுவதையும் சொல்லலாம். அது அவிசுவாசமாகாது. நரைவயதுமட்டும் தமது ஜனத்தைச் சுமப்பேன் என்று ஏசாயா 46இல் வாக்குப்பண்ணினவர், அந்தச் சுமையைச் சிலவேளைகளில் ஒரு மகனுடைய தோளிலும், ஒரு மருத்துவருடைய கேள்வியிலும், சுவரில் பதித்த ஒரு கைப்பிடிக் கம்பியிலும் வைத்தே சுமக்கிறார்.

ஜெபம்

எங்கள் பரம பிதாவே, எங்கள் தாய் தகப்பன்மாரின் நீடித்த நாட்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். அவர்களுடைய கண்களும் காதுகளும் கால்களும் தளர்ந்துபோகிற இந்த நாட்களில், அவர்களைப் பார்த்துக் கேட்கவும், கேட்டபின் காத்திருக்கவும் எங்களுக்குப் பொறுமை தாரும். வெட்கத்தினால் மௌனமாயிருக்கிறவர்களுக்குச் சொல்லத் தைரியமும், கேட்கிற எங்களுக்கு மென்மையும் அருளும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் நாள்தோறும் உழைக்கும் மருத்துவர்களையும் செவிலியரையும் வீடு தேடி வரும் பணியாளர்களையும் ஆசீர்வதியும். எங்கள் ஆலயங்களின் வாசல்களை, தள்ளாடுகிறவர்களும் உட்பிரவேசிக்கத்தக்கதாக அமைத்துக்கொள்ள எங்களுக்கு உதவி செய்யும். முதுமையில் எங்களைக் கைவிடாத இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.